வெறும் வயிறு

ஜனவரிக் காலை ஏழு இருபதாகியும் விடியவில்லை. ஹைட்ரூன் நிலவறைக்கு இறங்கிப்போய் அங்கிருந்த சின்ன ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தாள்.

அந்த ஃப்ரிட்ஜில் பாலோ வெண்ணெயோ கிடையாது. ஒரு மரப்பெட்டி. பெட்டியில் மண். மண்ணின் மேல் பீச் மரத்துச் சருகு. சருகுக்கு அடியில், குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஆமை. நவம்பரில் உள்ளே வைத்தால் மார்ச்சில்தான் வெளியே எடுப்பது. நடுவில் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று மாற்ற வேண்டும். அவள் கணவன் டெட்லெஃப் அதைச் சனிக்கிழமைகளில், காபிக்கு முன்னால் செய்வான். இந்தக் குளிர்காலத்தில் அவளும் அப்படியே செய்துவந்தாள்.

இன்று நாற்றம் வந்தது.

சருகை விலக்கினாள். வால் பக்கம் மட்டும் மண் ஈரமாக இருந்தது. தூக்கத்தில் மூத்திரம் போய்விட்டால் அப்புறம் யோசிக்கவே கூடாது, உடனே எழுப்பிவிட வேண்டும் என்று டெட்லெஃப் வருஷா வருஷம் சாப்பாட்டு மேஜையில் சொல்வான். யாரும் அவனிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். உடம்பு சேர்த்துவைத்த தண்ணீர் அதோடு போய்விடும் என்பான். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆமையைத் தூக்கினாள். மாடிக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தாள். எடை குறைந்திருப்பதை, வைப்பதற்கு முன்பே கை சொல்லிவிட்டது.

டெட்லெஃபுக்குப் பத்து வயதில் கிடைத்த ஆமை அது. கஸிமீர் என்று பெயர் வைத்து, முப்பது வருஷம் ஆண் என்று நம்பி வளர்த்தான். ஒரு ஜூன் மாதம் அது தோட்டத்து மூலையில் குழி பறித்து முட்டையிட்டது. பெயரை மாற்றவில்லை. "எங்க அண்ணனுக்குப் பொம்பளைங்களைப் புரிஞ்சுக்க அவ்வளவு காலம் ஆகும்" என்று அவன் தங்கை கேஸா மட்டும் இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள்.

அக்டோபரில் டெட்லெஃப் காபிக் கோப்பையோடு சரிந்தான். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. இப்போது ஏரிக்கரையில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தான். கால் ஓரளவு திரும்பிவிட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தவற்றில் ஒன்று கஸிமீர். ஹைட்ரூன் போகும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லி அவள் முகத்தைப் பார்ப்பான். "தூங்குது" என்பாள் அவள். அவன் கண்ணை மூடித் திறப்பான். வீட்டில் ஏதோ ஒன்றாவது பழையபடி நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் வீடு திரும்பும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அன்று காலை அவளுக்கு வேறு நினைப்பு வரவில்லை.

கேஸா காரோடு வந்தாள். ஹைட்ரூன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காரில் ஹீட்டரைப் போட வேண்டாம் என்றாள். குளிரிலிருந்து எடுத்ததைச் சட்டென்று சூட்டில் வைக்கக் கூடாது. கேஸா கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டினாள்.

"ஃப்ரிட்ஜுல வச்சும் கெட்டுப்போச்சுன்னா, கடைக்காரன்கிட்ட வாரண்டி கேளு" என்றாள்.

ஹைட்ரூன் சிரிக்கவில்லை. ஓல்டன்பர்க் நகரத்தில் ஒரு கட்டடத்தின் முன்னால் கேஸா காரை நிறுத்தினாள்.

ஊர்வனவற்றுக்கென்றே உள்ள மருத்துவமனை. காத்திருக்கும் அறையில் ஓர் இளைஞன் தாடி ஓணான் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதன் முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. தாடை விரலுக்கு அமுங்குமாம். அதற்குப் பிடிக்கிறதே என்று புழுவாகவே கொடுத்திருக்கிறான். சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவவில்லை. கூண்டு விளக்கு நன்றாகத்தான் எரிந்தது என்றான். வெளிச்சம் இருந்தாலும், எலும்புக்கு வேண்டிய கதிர் அந்த விளக்கில் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று போன முறை டாக்டர் சொன்னாராம். எரிகிற விளக்கை யார் மாற்றுவார்கள் என்று கேட்டான்.

எதிரில் இருந்த பெண்ணிடம் ஒரு பல்லி. வீட்டுச் சூட்டில் காற்று காய்ந்துபோய், உரிந்த தோல் விரல் நுனிகளில் மோதிரம் போல் இறுகிவிட்டது. ஒரு விரல் கறுத்திருந்தது. ஈரத்துணிப் பெட்டியில் ஊறவைத்து, தோல் தானாக நெகிழ்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று இப்போது தெரிந்துகொண்டிருக்கிறாள். முதலில் பிடித்து இழுத்துவிட்டாள்.

அங்கே இருந்தவர்களில் யாரும் தங்கள் பிராணியை அடித்தவர்கள் இல்லை. பட்டினி போட்டவர்களும் இல்லை.

டாக்டர் லூர்ஸ் நடுவயதுப் பெண். அவசரம் காட்டாமல் பார்த்தார். ஆமையின் தலையை இரண்டு விரலால் மெல்ல வெளியே இழுத்து வாயைத் திறந்தார். உள்ளே மஞ்சளாகப் பாலாடை போல் படிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார். குடல் முழுக்கக் காற்று.

"உள்ள வைக்கறதுக்கு முன்னாடி எத்தனை வாரம் தீனியை நிறுத்தினீங்க?"

"நிறுத்தறதா?" என்றாள் ஹைட்ரூன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். குளிரில் செரிப்பது நின்றுவிடும். வயிற்றில் இருப்பது அப்படியே கிடந்து அழுகும். அதனால் தூங்கப் போவதற்கு முன் சில வாரம் தீனி கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து உட்காரவைத்துக் குடலைக் காலி செய்வார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு அது உள்ளே போக வேண்டும்.

அக்டோபர் மாத மாலைகள் ஹைட்ரூனின் நினைவுக்கு வந்தன. மருத்துவமனையிலிருந்து திரும்பினால் வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. சமையலறை மூலையில் ஆமையின் அடைப்பு. பலகையை அது நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தது. டெட்லெஃப் சரிவதற்குச் சற்று முன்புதான் தீனியை நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது. இந்தக் களேபரத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். தோட்டத்திலிருந்து சீமைக் காட்டுமுள்ளங்கி இலை பறித்துவந்து போட்டாள். வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டாள். அது தின்றது. அவள் ஒரு முக்காலியை அடைப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, தட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு தன் ரொட்டியைத் தின்றாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு முந்தைய மாலை வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டாள். நீண்ட குளிர்காலம்.

பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். மதியத் தூக்கத்துக்கு ஒரு குழந்தையையும் பசியோடு அனுப்பியதில்லை.

பெட்டி, மண், சருகு, ஃப்ரிட்ஜின் குளிர் அளவு, சனிக்கிழமை. அவன் செய்ததையெல்லாம் அவள் பார்த்திருந்தாள். செய்யாமல் விட்டதை எப்படிப் பார்ப்பது?

"பசியோட அனுப்ப மனசு வரலை" என்றாள்.

"தெரியும்" என்றார் டாக்டர். "இதே மேஜை முன்னாடி நின்னு எல்லாரும் சொல்றதுதான்."

திட்டியிருந்தால் தேவலை.

தோலுக்கு அடியில் நீர் ஏற்றினார். ஊசி போட்டார். வாயைச் சுத்தம் செய்து, அதை வீட்டில் எப்படிச் செய்வது என்று காட்டினார். இன்று சூடேறாத அறையில் இருக்கட்டும், நாளை விளக்கின் கீழ் வையுங்கள் என்றார். தினமும் ஓட்டின் விளிம்பு நனைகிற அளவுக்கு வெந்நீர் விளாவி உட்காரவைக்க வேண்டும், தலை மேலே இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், சூடு. குடல் அசையத் தொடங்குவதற்கு முன் தீனி உள்ளே போனால் பழைய கதைதான்.

"நான் சொல்ற வரைக்கும் ஒரு இலை கூட நீட்டக் கூடாது, திருமதி வோல்டர்ஸ். கெஞ்சற மாதிரி பார்த்தாலும்."

அது கெஞ்சவில்லை. கொஞ்ச நாளில் கண்ணைத் திறந்தது. விளக்கின் கீழ் கிடந்தபடி பலகையையே பார்த்தது. பிராண்டவில்லை. ஹைட்ரூன் காலையில் குளிப்பாட்டினாள். நனைத்த பஞ்சுக்குச்சியால் வாயைத் துடைத்தாள். ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் தண்ணீரில் உட்காரவைத்தபோது அது மூக்கைத் தாழ்த்திக் குடித்தது. தொண்டை ஏறி இறங்குவதைத் தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி அவசரமாக எதையோ மென்றாள். ஆமை விழித்திருக்கும்போது அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

டெட்லெஃபிடம் தூங்குது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடு" என்றாள் கேஸா. "கோபப்படட்டுமே. அங்க அதையும் ஒரு பயிற்சின்னு கணக்குல சேர்த்துப்பாங்க."

"செத்துப்போச்சுன்னா அப்போ சொல்லிக்கறேன்."

"அப்போ ரெண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கும்."

மறுவாழ்வு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் யான்சன் என்ற ஒல்லியான மனிதர். ஒருநாள் ஹைட்ரூனையும் உள்ளே உட்காரச் சொன்னார். சாவியின் படத்தைக் காட்டினார். டெட்லெஃபின் உதடு கூடியது, பிரிந்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. சாவி, என்றாள் ஹைட்ரூன். கரண்டியின் படம் வந்தது. கரண்டி, என்றாள்.

யான்சன் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அவன் தேடுகிற சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றார். கொடுத்தால் தேடுவதை நிறுத்திவிடுவான்.

"பார்க்க முடியலை" என்றாள் அவள். "பசியில இருக்கறவனைப் பார்க்கற மாதிரி இருக்கு."

"ஆமா. அப்படித்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கறதுதான் உங்க வேலை."

அடுத்த முறை அவன் ஜன்னலைக் காட்டி எதையோ தேடினான். ஏரியில் பனி உருகத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அந்தச் சொல் தெரியும். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவனே "தண்ணி" என்றான். அவள் எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய சொல் அதுவல்ல. ஆனாலும் அது அவனுடையது.

பிப்ரவரியில் டாக்டர் லூர்ஸ் குழாய் வழியாகக் கொஞ்சம் கூழ் உள்ளே செலுத்திப் பார்த்தார். அது தங்கியது. இலை வைக்கலாம் என்றார். தானாகத் தின்னும் வரைக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். ஹைட்ரூன் இலையை வைத்தாள். ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து வாடிய இலையை எடுத்துப்போட்டாள். மறுநாள் புதிதாக வைத்தாள்.

அந்த வாரமே டெட்லெஃபை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காரிலேயே சொல்லிவிட நினைத்திருந்தாள். கேஸா கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். வீட்டுத் திருப்பம் வந்துவிட்டது. கேஸா பையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் பரட்டைக்கீரை அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினாள். அவள் வீட்டில் யாரும் பரட்டைக்கீரை தின்பதில்லை.

டெட்லெஃப் தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். மூலையில் விளக்கு எரிந்தது. குளிர்காலத்தில் அந்த விளக்கு எரிந்ததே இல்லை.

அவன் நடந்துபோய் முக்காலியில் உட்கார்ந்தான். இடது கையை நீட்டினான். அவள் ஆமையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் ஒற்றைக் கையால் அதன் அடியில் ஏந்திக் கனம் பார்த்தான். பின்னங்காலுக்குப் பக்கத்துத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, அது திரும்பி எழும்வரை காத்திருந்தான். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான்" என்றாள் ஹைட்ரூன். "நீ நிறுத்தியிருந்தேன்னு எனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் போட்டேன். பலகையைப் பிராண்டிக்கிட்டே இருந்துச்சு. ஜனவரியில எழுப்ப வேண்டியதாப்போச்சு. இப்போ தண்ணி குடிக்குது. இன்னும் தானா சாப்பிடலை. உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் முகம் சிவந்தது. உதடு கூடியது. அவள் எதிர்பார்த்துவைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. ஏன் என்று கேட்கலாம். முட்டாள் என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அது குளிரில் உறங்கி எழுந்திருக்கிறது, அவன் கையில் ஒருமுறை கூடத் தவறியதில்லை. அவன் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும். அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் பார்வை அடைப்பில் கிடந்த இலைக்குப் போனது. தான் உட்கார்ந்திருந்த முக்காலிக்குப் போனது. மேஜைக்கு அடியில் இருக்க வேண்டிய முக்காலி அது. அப்புறம் தொட்டி ஓரத்தில் கவிழ்த்திருந்த ஒற்றைத் தட்டுக்கும் ஒற்றைக் கத்திக்கும் போனது. அவன் ஆமையின் ஓட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். விளக்கு லேசாக ரீங்கரித்தது.

"அது..." என்றான். நிறுத்தினான். அவள் காத்திருந்தாள்.

"அது தூங்கப் போனப்புறம்... நீ... யாரோட சாப்பிட்டே?"