கேசட் முடிந்த இடம்

1

முதற்கண் இக்கதை பிறந்த இடத்தைக் கூறிவிடுகிறேன். அது ஒரு லிஃப்ட். இரண்டு தளங்களுக்கு நடுவே நான் அதனுள் மாட்டிக்கொண்டிருந்தேன். மேலே கதவை நெம்பிக்கொண்டிருந்த மெக்கானிக், என் கலக்கத்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல், ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். வேகமும் துயரமும் ஒருசேரக் கலந்த மெட்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அடி முடியும் முன்பே நிறுத்தி, நாக்கால் ‘டக்’ என்றார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

“ஏங்க, எப்பவும் அங்கயே நிறுத்திடுறீங்க?”

“கேசட் அங்கதான் சார் முடியும். அதுக்கு மேல எங்க அக்காதான் பாடணும்.”

கதவு திறந்தது. அவர் எனக்குக் கொடுத்தது அவ்வளவே. எஞ்சியவற்றுக்கு நானே பொறுப்பு.

2

தொடக்கம் ஒன்று: “இருள் கவிந்த அம்மாலைப் பொழுதில் ஓர் இசைத்தட்டு…” அடித்துவிட்டேன். என் கதையில் இசைத்தட்டு நண்பகலில், குரியரில் வருகிறது.

தொடக்கம் இரண்டு: “பங்க் இசை எனப்படுவது யாதெனின்…” இது கட்டுரையாகிவிடும். எனினும் ஓரிரு வாக்கியங்கள் தேவை. கோபத்தை அலங்காரமின்றிப் பாடுவது பங்க். அந்தக் கோபம் இருக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டால் கிடைப்பது இருண்ட பங்க்.

தொடக்கம் மூன்று நிலைத்தது. மெக்கானிக்கை இனித் ‘தம்பி’ என்றே அழைப்போம். அக்காவுக்கு அவர் அதற்கு மேல் வளரவே இல்லை.

தம்பி பள்ளியில் படித்த காலத்தில், அக்கா யாரிடமோ ஓர் இருண்ட பங்க் இசைத்தட்டை இரவல் வாங்கிக் கேசட்டில் பதிவுசெய்து கொண்டுவந்தாள். பாடியவர்களின் மொழி இருவருக்கும் புரியாது. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. கடைசிப் பாட்டு மட்டும் கேசட்டுக்குள் அடங்கவில்லை. குரல் மேலேறி, இதோ எதையோ சொல்லிவிடப்போகிறது என்னும் இடத்தில் நாடா தீரும். பொத்தான் ‘டக்’ என்று மேலெழும். உடனே அக்கா அதே மெட்டில் தானே பாடி முடிப்பாள்: “விளக்கை அணைக்காதே, நான் இன்னும் வந்து சேரலை.”

[முதல் வரைவில் அக்கா இல்லை. ஒரு நண்பன் இருந்தான். அவன் தலையை ஆட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நீக்கிவிட்டேன், யாரும் அவனைத் தேடவில்லை.]

3

தம்பி வளர்ந்து இசைத்தட்டுகளைச் சேர்க்கலானான். அந்த ஒன்று மட்டும் பல்லாண்டுகள் போக்குக் காட்டியது.

இதற்கிடையில், கண்ணாடிப் புட்டிகள் ஓயாமல் மோதிக்கொள்ளும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அக்காவுக்கு வலது காது போயிற்று. இடது காதில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இருக்கும் கேள்திறனும் போய்விடலாம் என்றார் மருத்துவர்.

“அதுக்குள்ள அந்தப் பாட்டு எப்படித்தான் முடியுதுன்னு கேட்டுடணும்டா. தட்டு கிடைச்சுதா?” என்று அக்கா தொலைபேசியில் கத்தினாள்.

“இன்னும் வரலக்கா,” என்று தம்பியும் கத்தினான்.

குரியரில் வந்த தட்டு அலமாரியின் உச்சியில், பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

ஏன் பொய் சொன்னான்? அந்த நிஜ முடிவு ஒலித்த கணமே அக்காவின் முடிவு வெறும் பிழையாகிவிடும் என்று அஞ்சினான். (இக்காரணம் போதாது என நினைக்கும் வாசகர், தமக்கு மிகவும் பிடித்த குரலை யாரேனும் திருத்துவதாக எண்ணிப் பார்க்கலாம்.)

4

மருத்துவமனைக்குத் துணிமணி எடுத்துச் செல்லப் பெட்டி வேண்டுமென்று அக்கா வந்தாள். தம்பி தேநீர் போடப் போன நேரத்தில் தானே ஸ்டூலில் ஏறிவிட்டாள்.

“டேய்! இது என்னடா?”

கறுப்பு உறை, அதன் நடுவே நீரற்ற நீச்சல் குளத்தின் படம்.

“அது… நேத்துதான்க்கா…”

“புளுகாதே. ஒரு விரல் தூசி இருக்கு. என் காது போனப்புறம் நீ மட்டும் குஷியா கேக்கலாம்னு பாத்தியா?”

“போக்கா! நானும் இன்னும் கேக்கல.”

“பின்ன எதுக்குடா வாங்கின?”

அவன் அவளது இடப்பக்கம் வந்து நின்று உரக்கச் சொன்னான். “உன் முடிவே எனக்குப் போதும்னு இருந்துச்சு.”

“அடப்பாவி! அது பாத்திரம் கழுவிக்கிட்டே இட்டுக்கட்டினதுடா. போடு. நல்லா சத்தமா வை.”

“அக்காவின் விழிகளில் நீர்…” இல்லை. அவள் அழவில்லை. இடது காதை ஒலிபெருக்கியில் ஒட்டி, உள்ளங்கையை அதன் மரத்தில் பதித்து, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு. குரல் மேலேறியது. அந்த இடம் வந்தது. தன்னையறியாமல், பழக்க தோஷத்தில், தம்பியின் நாக்கு ‘டக்’ என்றது.

அக்கா அதைக் கேட்டிருக்க முடியாது, பார்த்தாள். அவ்வளவே போதுமாயிருந்தது. கண்ணை மூடி, அடித்தொண்டையிலிருந்து பாடத் தொடங்கிவிட்டாள். விளக்கை அணைக்காதே. நான் இன்னும் வந்து சேரலை. அவளது குரலுக்கு அடியில், இத்தனை காலம் காத்திருந்த முடிவு தன் பாட்டுக்கு ஓடித் தீர்ந்தது. அவள் கண் திறந்தபோது ஊசி நடுவட்டத்தில் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது.

“ஐயையோ, நானே பாடித் தொலைச்சிட்டேனே! நீ கேட்டியா? எப்படிடா முடிஞ்சுது?”

அவன் கேட்டிருந்தான்.

5

மின்சாரம் போவதாக ஒரு முடிவு எழுதினேன். அது எழுத்தாளனின் கோழைத்தனம், கிழித்துவிட்டேன்.

மற்றொன்றில் தம்பி ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கிறான். அக்கா முழுவதையும் கேட்கிறாள். நேர்மையான முடிவுதான். ஆனால் அதன் பின் அவள் ஒருபோதும் பாடுவதில்லை. எவ்வளவு முயன்றும் அவளைப் பாடவைக்க என்னால் இயலவில்லை.

இன்னொன்றில், “நீ பாடின மாதிரியேதான்க்கா,” என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகிறாள். எழுதும்போது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது, கேட்பதற்காகவே வந்தவளை ஏமாற்றிவிட்டேனே என்று கூசியது.

ஆகவே தம்பியின் விரலை ஊசியின் கைப்பிடி மேலேயே விட்டுவைத்திருக்கிறேன். தட்டு சுற்றுகிறது. அக்கா ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. இப்போது அவள் பார்ப்பது உங்களை.

சொல்லுங்கள். சற்று உரக்க, இடப்பக்கமாக வந்து.