இரண்டு ஊர் மழைநீர், ஒரே பாட்டில்

1

வந்திருந்தவர்கள்: ஜன்னல் பக்கம் மேல்நகரத்துப் பொறியாளர். அவருக்கு நேரெதிரே கீழ்நகரத்துச் சுகாதார அதிகாரியம்மா. மேஜையின் தலைப்பக்கத்தில் இரண்டு நகராட்சிகளுக்கும் பொதுவான கணக்கு அதிகாரி. எந்தச் செலவைக் கண்டாலும் வெட்டுவதால் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். கதவோரத்தில், ஃபைல் அலமாரி முழங்கையை இடிக்கிற நாற்காலியில், கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். இந்தக் கதையையும் அவள்தான் எழுதுகிறாள்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிட்டால், அந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்துவிடும் என்று நம்பினாள். எழுதியாயிற்று. வரவில்லை.

2

ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுத வரவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தாள்.

(பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை கற்பித்தார். என்ன நடந்தது என்று தெரியாமல் கடிதம் எழுதுவது எப்படி என்று அவர் கற்பிக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.)

விஷயம் இதுதான். பக்கத்துப் பக்கத்து நகரங்கள் இரண்டு. மழை பெய்தால் இரண்டு ஊர்த் தெருக்களையும் கழுவிக்கொண்டு, பட்டறை எண்ணெயையும் பஸ் நிலையத்துப் புழுதியையும் சுமந்துகொண்டு, இரண்டு வடிகால்கள் வழியாகத் தண்ணீர் ஒரே ஏரியில் போய் விழுகிறது. அந்தத் தண்ணீரில் என்னென்ன வருகிறது என்று ஒவ்வொரு மழைக்கும் சோதிக்க வேண்டும். ஆகும் செலவு ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதற்கு ஒப்பந்தத்தில் ஓர் ஆள். எல்லோருக்கும் அவர் பாட்டில்காரர்.

மூன்று மாதத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் சொன்னார்: “ரெண்டு தண்ணியையும் பாதி பாதி ஒரே பாட்டில்ல ஊத்திக் குடுத்தா ஒரு டெஸ்டோட முடிஞ்சிடுமே?”

யாரும் மறுக்கவில்லை. அவள் அதை அரைத்தாளில் தட்டச்சு செய்து பாட்டில்காரரிடம் கொடுத்தாள். கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டாள், பிறகு வாங்கவில்லை. அவர் தாளில் இருந்தபடியே செய்தார்.

போன வாரம் முடிவு வந்தது. ஈயம், இருக்கலாம் என்ற அளவைப் போல மூன்று மடங்கு. எந்த ஊர் ஈயம்? பாட்டிலுக்குத் தெரியாது.

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊர்களும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: பாட்டில்காரர் தன்னிச்சையாகக் கலந்துவிட்டார் என்று இரண்டு ஆணையர்களுக்கும் கடிதம் போய்விட வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். கடிதம் போனால் அவர் வேலை போகும்.

குறிப்பேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. முதல் கூட்டத்திலேயே இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன: யார் எதைச் சொன்னார் என்று எழுதக் கூடாது, என்ன முடிவானது என்று மட்டும் எழுத வேண்டும். அப்போதுதான் சண்டை வராதாம். மூன்று வருடமாகச் சண்டை வரவில்லை.

3

முதல் வரைவு. சொன்னவர் கத்தரி.

கத்தரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மழையையே தள்ளுபடியில் வாங்க நினைப்பவரைப் போல—

இல்லை. அவர் காதில் பென்சில் செருகி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கதைக்காகச் செருகியது. எடுத்துவிடுகிறாள்.

நேரில் போய்க் கேட்டாள்.

“நான் சொல்லியிருந்தா பெருமையா ஒத்துக்க மாட்டேனாம்மா? மிச்சம் பிடிக்கிற யோசனையைப் போய் எவனாவது அடுத்தவனுக்கு விட்டுக்குடுப்பானா?”

“இப்ப அது வம்பாயிடுச்சே சார்.”

“அதனாலதான் சொல்றேன், நான் இல்லன்னு.”

இரண்டு பதிலும் ஒரே மூச்சில் வந்தன. எதை நம்புவது?

4

இரண்டாம் வரைவு. சொன்னவர் பொறியாளர். அவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“நான்தான் அன்னிக்குப் பாதியிலயே எழுந்து போயிட்டேனே!”

“கடைசி வரைக்கும் இருந்தீங்க சார். பிஸ்கட் தட்டு உங்க பக்கம்தான் இருந்துச்சு.”

“அப்ப அந்தம்மாதான் சொல்லியிருக்கணும். அவங்க ஊர் தண்ணிதானே அழுக்கு.”

அந்தம்மாவோ இரண்டே வரியில் முடித்தார்: “சுகாதாரம் படிச்சவ தண்ணியைக் கலக்கச் சொல்வேனா? பொறியாளர் சொன்னாரு, ஜோக்குன்னு நெனச்சு நான் சிரிச்சேன்.”

அன்று யாரோ சிரித்தது உண்மை. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பெண் சிரிப்பா, ஆண் சிரிப்பா? (இந்த இடத்தில் வாசகர் அலுத்துக்கொள்ளலாம். அவளுக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.)

5

இதுவரை எழுதியதைத் தங்கையிடம் காட்டினாள். தங்கை துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

“இது கதையாக்கா, விசாரணைக் கமிஷனா?”

“படிச்சு முடிச்சிட்டுப் பேசுடி.”

“முடிச்சிட்டேன். கோவிச்சுக்காம இருந்தா ஒண்ணு சொல்லவா? இந்த வேலை உன் வேலை மாதிரியே இருக்கு. தீரப்போற ரெண்டு ஷாம்பு பாட்டிலை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வைக்கிறது இந்த வீட்ல யாரு?”

“ஷாம்பும் வடிகால் தண்ணியும் ஒண்ணா?”

“எனக்கென்ன தெரியும்? நீதான் கவுப்ப.”

அன்று அவள் மூன்றாம் வரைவை எழுதினாள். சொன்னவள் குறிப்பெழுதுகிறவள். தலை நிமிராமல், பேனாவை நிறுத்தாமல், சும்மா வாயில் வந்ததைச் சொல்கிறாள், மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அதிகாரியம்மா சிரிக்கிறார், கத்தரி மேஜையைத் தட்டுகிறார். தடங்கல் இல்லாமல் வந்தது. எழுதியதில் இதுதான் நன்றாக இருக்கிறது.

சந்தேகமே அங்கேதான். நன்றாக அமைந்துவிட்டதால் அது நடந்ததாகிவிடுமா? அவள் குரல் காதில் கேட்கிறது. முந்தாநாள் கத்தரியின் குரலும் இதே மாதிரிதான் கேட்டது.

6

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் பாட்டில்காரரே வந்தார். அலுவலகத்தில் நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டார். அலமாரியில் சாய்ந்து நின்றார்.

“அக்கா, என் பேரையே எழுதிடுங்க.”

“ஏன் இப்படிப் பேசறீங்க?”

“எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கள்ல. கேட்டுக் கேட்டு, நான்தான் சொன்னேனோன்னு எனக்கே தோணுது. அன்னிக்கு டீ எடுத்துக்கிட்டு உள்ள வந்தேன்ல?”

“டீ எடுத்துக்கிட்டு வந்தது அதுக்கு முந்தின கூட்டத்துக்கு.”

“அப்படியா?” அடுத்த தோளை அலமாரியில் சாய்த்துக்கொண்டார். “வீட்ல அவ சண்டைக்கு வர்றா. பேப்பர்ல இருந்ததத்தானே செஞ்சீங்க, பேப்பரைக் காட்டுங்கங்கறா. அது சட்டைப் பையிலயே நனைஞ்சு கூழாப் போச்சுக்கா. மழையில நிக்கிற வேலைதானே.”

“கலக்காத தண்ணி பாட்டில்ல கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?”

“எதுக்கு? நல்லாக் கழுவி வச்சிட்டேன். மூணு தடவை.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் தெளிந்தது.

அவர் போன பிறகு கணினியில் தேடினாள். அரைத்தாள் இருந்தது. கையெழுத்தில்லாத, நான்கு வரி. அழித்தால் கேட்பாரில்லை.

7

முடிவுகள்.

(அ) சொன்னபடி எழுதிக் கொடுக்கிறாள். வேறொருவர் பாட்டிலோடு வருகிறார். கூட்டம் வழக்கம்போல நடக்கிறது. இதை எழுதக் கஷ்டமே இல்லை. பாதி எழுதிப் பார்த்து—

(ஆ) அடுத்த மழையில் இரண்டு பாட்டில் எடுத்ததும் குற்றவாளி ஊர் பிடிபடுகிறது. வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் எந்தப் பட்டறை எப்போது எதைக் கொட்டுகிறது என்று யார் கண்டது? அடுத்த மழை வேறு மழை. தவிர, அது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து மணி வருவது தெரியும்.

(இ) யார் சொன்னது என்று அவளுக்குத் திடீரென்று நினைவு வந்துவிடுகிறது. நான்கு மணி வரை இதற்காகத்தான் காத்திருந்தாள்.

நான்கேகாலுக்குக் கதையை மூடிவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. கீழே:

‘இரண்டு வடிகால்களின் நீரையும் கலக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னவர் யார் என எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். அப்படிச் செய்யும்படி தட்டச்சு செய்து மாதிரி எடுப்பவரிடம் கொடுத்தது நான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அதன்படி செய்தார். அத்தாளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. எந்த நகரத்து நீரில் ஈயம் இருந்தது என்பதை அந்தப் பாட்டிலைக் கொண்டு இனி அறிய இயலாது.’

இரண்டு பிரதிகள், இரண்டு உறைகள். எந்த ஆணையருக்கு முதலில் எழுதுவது என்று ஒரு குழப்பம் வந்தது. அகர வரிசையில் முடித்தாள்.

தபால் பிரிவுக்காரர் இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

“என்ன மேடம், மூணு பேர்ல ஒருத்தர் கையெழுத்தும் இல்ல?”

“என் கையெழுத்து இருக்கு.”

“அது போதுமா?”

அவளுக்குத் தெரியவில்லை. பாட்டில்காரரின் வேலை நிற்குமா, அவள் வேலையும் சேர்ந்து போகுமா, மூன்று பேரும் நாளைக்கு என்ன சொல்வார்கள், எதுவும் தெரியவில்லை. கடைசிப் பகுதியை அவளால் எழுத முடியாது. போதுமா, போதாதா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்காவது மூன்று வரைவு தேவைப்படாமல் இருக்கட்டும்.

“ஒட்டுங்க,” என்றாள்.

அவர் பசையைத் தடவி, மடிப்பின் மேல் கட்டை விரலை ஒரு முறை அழுத்தி இழுத்து, பதிவேட்டில் நாலு ஐம்பது என்று குறித்து, இரண்டு உறைகளையும் பைக்குள் போட்டார். பையோடு தபால் வண்டி கிளம்பிவிட்டது.