கட்டத்துக்குள் கொள்ளாத வரி

“முதல் கல்யாணத்தையே முழுங்கிட்டுப் பொண்ணு காட்டுவீங்களா?” என்று பல் டாக்டரின் அம்மா போட்ட சத்தத்தில் மாடிவீடு வரை ஜன்னல்கள் திறந்துகொண்டன. விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள், அக்கம்பக்கத்துக்காரர்களான நாங்கள் இல்லை.

“நாங்க எதையும் மறைக்கல சம்பந்தி,” என்றாள் பெண்ணின் அம்மா.

“யாருக்கு யாரு சம்பந்தி?”

பெண் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறாள். ஒரு திரையில் இருப்பதைக் காப்பி செய்து இன்னொரு திரையில் ஒட்டுவதுதான் நாள் முழுக்க அவள் பிழைப்பு. தன் விவரத்தையும் அப்படியே தனியாக எழுதி, கல்யாண இணையதளத்தில் ஒட்டினாள். நல்லதை முதலில் சொல்லு, விவாகரத்தைக் கடைசியில் சொல்லு என்றது அம்மாதான். தளத்தின் கட்டமோ கொண்டமட்டும் வாங்கிக்கொண்டு மிச்சமான அந்தக் கடைசி வரியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. ஒட்டியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

மடிக்கணினியைத் திறந்து, முதலில் எழுதியதைக் காட்டினாள். டாக்டர் கடைசி வரி வரை படித்தார். “எழுதித்தாம்மா இருக்காங்க.”

“நமக்கு வந்து சேரலையே? எந்திரிடா.”

அவர் எழுந்துவிட்டார். அவரைப் பிடித்திருக்கிறது என்று முந்தின நாள்தான் பெண் தன் தங்கையிடம் சொல்லியிருந்தாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். வராததால் எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினாள்.

டாக்டர் அடுத்த மாதமே மருந்துக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டார். இவள் மாற்றல் வாங்கி வேறு ஊர் போய்விட்டாள். “அந்த விவாகரத்து வரிய மேல ஏத்துடின்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறா,” என்று அம்மா எங்களிடம் அலுத்துக்கொள்கிறாள்.