சூரியனுக்கு முதுகு

ராக்கெட் விடும் மைதானத்தில் யார் எங்கே உட்காருவது என்று திட்டம் போடும் வேலையைப் பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிற உறுப்பினர் ஒருத்தியிடம் கொடுத்தார் ராக்கெட் கிளப்பின் தலைவர். கைவேலை சுத்தமாக இருக்கிறவளுக்குத் திட்டமும் சுத்தமாக வரும் என்று அவருக்கு நினைப்பு. மூன்று நாள் தொடர்ந்து, ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போய், சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தாள். பார்க்கிறவர்களுக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், அண்ணாந்தால் கண் கூசக் கூடாது. நாற்காலிகள் மேற்கே, ராக்கெட் கிழக்கே.

இவ்வளவு மெனக்கெட்டது அண்ணனுக்காகத்தான். பஸ் டிரைவர். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டே வாரம். அடுத்த வாரப் பரிசோதனையில் தேறினால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியும். சூரியன் இருக்கும் பக்கம் தலையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தங்கச்சி செய்த ராக்கெட்டை ஒரு தடவையாவது பார்த்தே தீருவேன் என்று அவன் அடம் பிடித்தான்.

ஞாயிறு காலை எட்டரைக்கு நாற்காலிகளைப் போட்டு நிமிர்ந்தாள். ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்து வெயில் எல்லோர் முகத்திலும் அறைந்தது. மூன்று நாளும் அவள் வந்து பார்த்தது சாயங்காலம். ராக்கெட் விடப்போவதோ காலையில். சூரியன் என்ன தெருவிளக்கா, ஒரே இடத்தில் நிற்க?

“நாற்காலிய எதிர்ப்பக்கம் போட்டுரலாமா?” என்றார் தலைவர்.

“காத்து அந்தப் பக்கமாத்தான் சார் அடிக்குது. ராக்கெட் தலைமேலயே வந்து விழும்.”

“பக்கவாட்டுல?”

“ரெண்டு பக்கமும் ரோடு.”

“அப்போ சாயங்காலம்?”

“பத்து மணி வரைக்கும்தானே சார் அனுமதி...”

படத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கடைசியில் எது கிழக்கு, எது மேற்கு என்பதே அவளுக்குக் குழம்பிப்போயிற்று. மற்றவர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தயாராகிவிட்டார்கள்.

“அண்ணா, நீ வீட்டுக்குப் போயிடேன்.” அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

“போறதாவது! நான் திரும்பி உக்காந்துக்கறேன். நீ பாத்துச் சொல்லு.” நாற்காலியை அவள் பக்கத்திலேயே திருப்பிப் போட்டு, ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

பத்திலிருந்து கீழே எண்ணி, பொத்தானை அழுத்தினாள். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

“எவ்ளோ உசரம் போச்சு? பாராசூட் விரிஞ்சுதா? சொல்லேன்!” என்று பறந்தான் அண்ணன்.

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

“தெரியலண்ணா. நீ எங்க திரும்பிடுவியோன்னு உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன்.”