பயத்துக்குப் பின்னால் இருந்தது

பீங்கான் பட்டறையில் சூளை வெடித்து நாத்தனார் பெரியநாயகி இறந்த பிறகு, மதிவதனியால் காஸ் அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை. நெருப்பென்றால் அவளுக்குப் பயமில்லை. கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். காஸ் வருகிற அந்த ‘உஸ்’ சத்தம்தான் ஆகாது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையைத் தாண்டும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும். காது அடைக்கும். அடுத்த நொடி நினைப்பில் அவள் மறுபடியும் அந்தச் சூளை வாசலில் நிற்பாள்.

இரண்டு பேரும் ஒரே பட்டறையில், மண்ணில் செய்த ஃபியூஸ் கட்டைகளைச் சுடுவதற்காகச் சூளையில் அடுக்கும் வேலையில் இருந்தார்கள். விபத்து நடந்த அன்று காலை சூளையின் பர்னர் அணைந்துபோய்விட்டது. எப்போதும் பற்றவைக்கிற ஆள் வரவில்லை. நாயகிக்கு அந்த வேலை தெரியும் என்பதால் அவளே போனாள். காஸ் கசிந்து உள்ளே நிறைந்திருந்தது யாருக்கும் தெரியாது. தட்டோடு பின்னால் நின்ற மதிவதனி தோளில் காயத்தோடு தப்பினாள். நாயகி ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பாமலே போய்விட்டாள்.

மதிவதனியின் கணவன் சேரன், நாயகியின் அண்ணன். கம்மாபுரம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தான். வீட்டுக்குக் கரண்டு அடுப்பு வாங்கிப் போட்டானே தவிர, அன்று என்ன நடந்தது என்று மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவள் மூச்சுத் திணறி விழுந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

வருஷம் ஒன்று கடந்தும் அவளால் ராத்திரி சேர்ந்தாற்போலத் தூங்க முடியாததால், கடலூரில் மனநல டாக்டர் பிரபாவிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பழைய பிரஷர் மாத்திரை ஒண்ணு இருக்கும்மா. அத போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, அன்னிக்கு நடந்தத எங்கிட்ட சொல்லணும். ஒரு ஞாபகத்த எடுத்துப் பாக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகி இருக்கும்னு சொல்றாங்க. அப்புறம் திரும்பவும் இறுகிக்கும். அப்படி இறுகற நேரத்துல ஒடம்பு படபடப்பு இல்லாம இருந்தா, அந்தப் பயம் கொறைஞ்சு போய் இறுகும். வாரம் ஒருக்கா, ஒரு ஆறு வாரம் பண்ணிப் பாக்கலாம்.”

“சுட்ட கட்ட எங்க டாக்டர் திரும்ப மண்ணாவுது?” என்றாள் மதிவதனி.

டாக்டர் சிரித்தார். “ஞாபகம் சுட்ட கட்ட இல்லம்மா. ஆனா எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்குப் பிரயோஜனமே இல்லாமலும் போயிருக்குது.” ஆஸ்துமா உண்டா, நாடி எப்படி என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சேரன் கேட்டான். “என் தங்கச்சிய மறக்கறதுக்கு ஒனக்கு மாத்திர வேணுமா?”

“மறக்கறதுக்கு இல்லைங்க. பயப்படாம நெனைக்கறதுக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நாயகி போன பிறகு தன்னிடம் மிஞ்சியது இந்த நடுக்கம் ஒன்றுதானே, அதுவும் போய்விட்டால் அவளுடையது என்று தன்னிடம் என்ன இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் தூக்கமில்லாமல் இன்னொரு வருஷம் தாங்காது. அடுத்த வாரம் தனியாகவே பஸ் ஏறினாள்.

முதல் தடவை சூளை வாசல் வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. நாடி வேகமாகத் துடிக்கவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது. இரண்டாம் தடவை சூளை வெடித்த வெளிச்சத்தைச் சொன்னாள். மூன்றாம் தடவை நாயகியின் தலைமுடி கருகிய வாடையையும் சொன்னாள். சொல்லி முடித்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது.

ஒருநாள் டீக்கடையைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான், தாண்டிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. சந்தோஷப்பட வேண்டியவள், பஸ்ஸில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாயகியை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஐந்தாம் வாரம் வேறொன்று நடந்தது. டாக்டரிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். இத்தனை நாளும் நினைப்பு நேராக வெளிச்சத்தில்தான் போய் முட்டும். அதற்கு முந்தின நிமிஷம் ஒன்று இருந்தது என்பதே தெரியாது. இப்போது அது தெரிந்தது. நாயகி திரும்பி நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சேரன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். “ஏங்க, நாயகி கடைசியா பேசுனது எனக்கு ஞாபகம் வந்துடுச்சு.”

அவன் முகம் வெளுத்தது. “என்னக் கூப்ட்டாளா?”

“இல்ல. பொங்கலுக்கு நீங்க எடுத்தீங்களே, செவுத்துக்கு அடிக்கற மஞ்சப் பெயிண்டு கலர்ல ஒரு சட்ட, அதச் சொல்லிச் சிரிச்சா. ‘அண்ணி, எங்கண்ணன் அதப் போட்டுக்கிட்டு நின்னா பஞ்சாயத்து ஆபீஸுன்னு நெனச்சு யாராவது மனு குடுத்துடப் போறாங்க’ன்னா. சிரிச்சுக்கிட்டே திரும்புனா. அவ்ளோதான். பயப்படக்கூட அவளுக்கு நேரமில்லைங்க.”

“எப்படி ஒன்னால அழாம சொல்ல முடியுது?” என்று சேரன் கேட்டான். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது.

“தெரியல. வருத்தம் அப்படியேதான் இருக்குது. ஆனா நடுக்கத்துல இருந்தப்போ இத என்னால பாக்கவே முடியலியே.”

அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். சட்டையை நினைத்தானோ என்னவோ, அங்கிருந்து முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு அழுகை கேட்டது. தங்கையைப் புதைத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. மதிவதனி கூடப் போகவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவனே சொன்னான். “அம்மாகிட்ட இத சொல்லணும். நீதான் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நல்லூருக்குப் போனார்கள். சேரனின் அம்மா கண்ணம்மாள் மடியில் முறத்தோடு மணிலாக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவளும் எதையும் கேட்டதில்லை. மதிவதனி பக்கத்தில் உட்கார்ந்து பர்னர் அணைந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைப் பேச்சு வந்ததற்கு மேல் சேரனால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான்.

கண்ணம்மாள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“காலையில சாப்ட்டாளா?”

இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. மதிவதனி கண்ணை மூடி அந்தக் காலைக்குள் போனாள். சூளைக்குப் போவதற்கு முன்னால், இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்த மரத்தடிக்கு. அங்கே தைரியமாக நிற்க முடிந்தது.

“சாப்ட்டா அத்த. அவ கொண்டாந்தது இட்லி. அத அப்படியே வச்சுட்டு, என்னோட புளிசோத்துல பாதிய எடுத்துக்கிட்டா. உப்பு கம்மின்னு சொன்னா. சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் தின்னா.”

“எப்பவும் அப்படித்தான். கொற சொல்லிக்கிட்டே திம்பா” என்றாள் கண்ணம்மாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“வயித்துக்குச் சாப்ட்டுதான் போயிருக்குது எம்பொண்ணு. சரி, மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லு.”