பூட்டில் வைத்த எண்

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை மலையூரான சேப்பலரேயில், பனிச்சறுக்க வருபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் அந்தப் பருவத்துக்குத் திறந்தது. ஏழரை மணிக்கே கலினா தன் அண்ணன் ரூமெனின் கடைக்கு வந்துவிட்டாள். ரூமென் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுபவன். முதல் நாளன்று வாடிக்கையாளர்கள் வருமுன் அண்ணனும் தங்கையும் மலைக்குப் போய்விடுவது பத்தொன்பது வருட வழக்கம்.

அவள் மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வயிற்றில் இருக்கும் கட்டி என்னவென்று ப்ளோவ்திவ் மருத்துவமனையில் சொல்லிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே சிகிச்சைக்குச் சேர வேண்டும். அண்ணனிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குமுன் யாரும் தன்னைப் பாவமாகப் பார்க்காத நாள் ஒன்று, ஒன்றே ஒன்று, அவளுக்கு வேண்டியிருந்தது.

ரூமென் அவளுடைய பலகைகளை மேசைமேல் வைத்துத் திருப்புளியை எடுத்தான். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டை ஆளின் எடைக்குத் தக்கபடி முடுக்க வேண்டும். விழுந்தால் அது கழன்றுகொள்ளும். அளவுக்கு மேல் முடுக்கிவிட்டால் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தன் கையால் முடுக்கிய பூட்டில் ஒருவருக்கும் கால் போனதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

போன வருஷம் அறுபத்தெட்டு கிலோ என்று நோட்டைப் பார்த்துச் சொன்னான்.

"இப்ப கூடியிருக்குமே. பொய் சொல்லாதடி."

"கூடல," என்றாள் கலினா.

அதில் பொய் இல்லை. ஐம்பத்துநான்கு என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் பழைய எண்ணுக்கே முடுக்கினான். விழாமல் இருந்தால் போயிற்று என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லிஃப்டில் அவன் ஃபிளாஸ்கைத் திறந்து மலைத்தேநீர் ஊற்றிக் கொடுத்தான். வானம் ஈயம்போல் கிடந்தது. பைன் மரங்கள் கறுத்து நின்றன. ஆனால் முதல் இறக்கத்தில் புதுப்பனி காலடியில் மெத்தென்று விலகிய நிமிடம் கலினாவுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ரூமென் எப்போதும்போல் அவளை விட்டுவிட்டு முன்னால் பறந்தான். கீழே போய் நின்றுகொண்டு, "கடைசி பஸ்ஸும் போயிடுச்சு, நடந்தே வா," என்று கத்தினான். அவள் சிரித்தாள். இதற்காகத்தான் வந்திருந்தாள்.

இரண்டாம் இறக்கத்தில், வேகம்கூட இல்லாத ஒரு திருப்பத்தில், கால் துவண்டது. உடம்பு ஒரு பக்கம் போக, வலது பலகை பனியில் குத்தி அப்படியே நின்றது. பூட்டு கழலவில்லை. முழங்காலுக்குள் ஏதோ இழுபட்டது.

ரூமென் மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தான். கழலாத பூட்டைத்தான் முதலில் பார்த்தான். அதைக் கையால் தட்டிக் கழற்றிவிட்டு முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தான். சுளுக்குத்தான், தசைநார் கிழியவில்லை என்று சொன்னான். பிறகு பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"என் கைதான் தப்பு பண்ணிருக்கு. பத்து மணிக்கு எத்தனை பேர் வருவாங்க, குழந்தைங்கல்லாம் வரும். நான் எப்படி முடுக்கிக் குடுப்பேன்?"

வலி என்று மட்டும் சொல்லிக் கீழே இறங்கிவிடலாம். அவளுக்குத் திங்கட்கிழமைவரை நேரம் இருந்தது. ஆனால் அவன் கையுறையைக் கழற்றித் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கை சரியாத்தான் பண்ணுச்சு, அண்ணா. நான் ஐம்பத்திநாலு கிலோ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுடைய கழுத்தை, மூன்று ஸ்வெட்டரை, மறுபடி முகத்தை. அவளாகவே மருத்துவமனையின் பெயரையும் செவ்வாய்க்கிழமையையும் சொன்னாள்.

ரூமென் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். அவளுடைய இரண்டு பலகைகளையும் மடியில் வைத்துப் பூட்டுகளை ஐம்பத்துநான்குக்குத் தளர்த்தினான். ஒவ்வொரு திருகையும் இருமுறை சரிபார்த்ததால் வெகுநேரம் பிடித்தது.

"மெதுவா இறங்கலாம்," என்றான். "நீ முன்னால போ."

கலினா முன்னால் போனாள். கீழே போய்ச் சேரும்வரை அவனுடைய பலகைகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டியபடியே உரசிக்கொண்டு வந்தன.