சுமார் சீட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிக்கு இருப்பே கொள்ளவில்லை. பில்லியர்ட்ஸ் ஹாலுக்கு மேலே இருக்கிற மாடி அறையில் போக்கர் போட்டி. நுழைவுக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட் விலைதான். ஜெயித்தால் கிடைப்பதும் ஊரை வாங்குகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்த்தால் சொத்தையே எழுதி வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும். அதிலும் தம்பி இருக்கிறானே, அவன் வலது முழங்கால் மேஜைக்கடியில் தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துத் தன் பந்தயச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

யாருக்குத் தம்பி என்கிறீர்களா? மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணனுக்குத் தம்பி. காதோரம் நரைத்த பிறகும் ஊருக்கே அவன் தம்பிதான். கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் உட்காரவைக்கிற வேலை அவனுடையது. முன்னால் நின்று சிரிப்பது, விலை சொல்வது, பேரம் பேசுவது எல்லாம் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் தம்பியின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அவனுக்குப் பெண் பார்த்தது வரை அண்ணன்தான். நல்ல மனுஷர். ரொம்ப நல்ல மனுஷர். அதுதான் தம்பிக்கு மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு தையல்காரர் கடையைக் காலி பண்ணுகிறார். தம்பிக்கு அந்த இடத்தின் மேல் கண். கட்டட ஓனருக்கு நாளைக் காலையில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், "தனியா கடை போடப் போறேன்" என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அண்ணனும் இதே போட்டிக்குத்தான் வந்து அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது, இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. கிளம்பும்போது பெண்டாட்டி வாசலில் நின்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு அவர்கிட்ட சொல்லாம வந்தீங்கன்னா நானே ஃபோனைப் போட்டு சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சொல்லக்கூடியவள்தான்.

சீட்டு மேஜையிலும் தம்பியின் லட்சணம் அதேதான். அங்கே அவனுக்குப் பட்டப்பேர் 'போகட்டும்'. சீட்டைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், "போகட்டும்" என்று கவிழ்த்துவிடுவான். நல்ல சீட்டு வரட்டும், வரட்டும் என்று காத்திருப்பான். சின்னப் போட்டியில் அது நடக்குமா? நேரம் ஆக ஆக, முறை வைத்துப் போடவேண்டிய கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். கையைக் கட்டி உட்கார்ந்தவனின் சில்லு தானாகக் கரையும். இந்த ஒரு மாதம் தூக்கம் வராமல் ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தம்பி கண்டுபிடித்தது இதுதான்: சுமார் சீட்டு வந்தாலும் முதல் ஆளாய் மொத்தத்தையும் தள்ளு, எதிராளி பயந்து விலகட்டும். அவன் மனசுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. இங்கே தள்ளப் பழகிவிட்டால் அண்ணனிடமும் வாய் வந்துவிடும்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. முதலில் பத்தும் எட்டும் வந்தது. வழக்கமாய்ப் போகட்டும் என்கிற சீட்டு. தம்பி கண்ணை மூடிக்கொண்டு அத்தனை சில்லையும் நடுவே தள்ளினான்.

எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் அரண்டுபோய்ப் பார்த்தார். "நம்ம 'போகட்டும்' தள்றாரா? அப்போ ரெண்டு ஏஸ் வச்சிருக்காரு. எனக்கெதுக்குய்யா வம்பு!" என்று கவிழ்த்தார். மற்றவர்களும் கவிழ்த்தார்கள்.

அட, இவ்வளவுதானா! அடுத்து ஜாக்கியும் ஒன்பதும். தள்ளினான். விலகினார்கள். ஒரு தடவை ஒருவர் விலகாமல் எதிர்த்துப் போட, மாட்டிக்கொண்டு கடைசிச் சீட்டில் தப்பித்தான். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். மேஜைகள் குறைந்து ஒன்றாயின. ஆட்கள் சில்லு தீர்ந்து ஒவ்வொருவராய் எழுந்தார்கள், மருந்துக்கடைக்காரரும் எழுந்தார். தலை நிமிர்ந்து பார்த்தால் மிச்சம் இருப்பது அவனும் அண்ணனும்.

"ரெண்டு பேரும் நம்ம வீடுடா! உங்க அண்ணி கேட்டா நம்பவே மாட்டா!" அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அண்ணன் ஆடுகிற தினுசே வேறு. எந்தக் குப்பை வந்தாலும் கவிழ்க்க மாட்டார். "காசு குடுத்துட்டு வந்தது சீட்டை மூடி வைக்கவா? என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம்" என்று சில்லைத் தூக்கிப் போடுவார். அவரிடம் பயம் காட்டுவது வீண் வேலை. இது ஹாலில் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும். தெரிந்தும், ராஜாவும் ஏழும் வந்தபோது அவன் கை தானாகப் போயிற்று. மொத்தத்தையும் தள்ளிவிட்டான். தள்ளின மறுநொடியே, ஐயையோ, என்ன காரியம் பண்ணினேன் என்று நினைத்துக்கொண்டான்.

அண்ணன் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிடா, நீயே வச்சுக்க" என்று கவிழ்த்துவிட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்தார். "அடக் கடவுளே! ரெண்டு ராணியை யாராவது கவுப்பாங்களா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று அண்ணன் சீறினார். ஆனால் தம்பி காதில் விழுந்துவிட்டது. ராணி ஜோடி! அப்படி ஒரு சீட்டுக்காக ஆட்கள் வாரக்கணக்காய்த் தவம் கிடப்பார்கள்.

"ஏன் கவுத்தீங்க?"

"விடுடா. காலையிலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல. ஜெயிச்சாவது வாயைத் திறப்பேன்னு பாத்தேன்." அண்ணன் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரித் தெரு விஷயம் எனக்குத் தெரியும்டா. அந்தக் கட்டட ஓனர் என்கூடப் படிச்சவன். எல்லாம் பேசி முடிச்சிட்டேன். வாடகையைக்கூடக் குறைச்சாச்சு. போர்டுக்கும் சொல்லிட்டேன். நம்ம கடைப் பேரு, கீழ 'இரண்டாவது கிளை'. எப்படி?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தம்பிக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை இல்லை, ஆத்திரத்தில் வருகிற அழுகை. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாய்ப் புரண்டு சேர்த்த தைரியம் அது. அதை எடுக்கக்கூட விடாமல் இந்த மனுஷர் கிளை என்று போர்டு எழுதிவிட்டாரே! தோற்கிற உரிமைகூட எனக்குக் கிடையாதா?

"அந்த ஆட்டத்தைத் திருப்பி ஆடுங்க."

"கவுத்தது கவுத்ததுதான் தம்பி" என்றார் சீட்டுப் போடுகிற ஹால்காரர். "அடுத்த ஆட்டம் ஆடுங்க."

சீட்டு விழுந்தது. அண்ணன் ஒப்புக்குச் சின்னதாய் ஒரு பந்தயம் போட்டார். தம்பி தன் சீட்டைத் தொடவே இல்லை. அத்தனை சில்லையும் நடுவே தள்ளினான்.

"டேய், சீட்டைப் பாருடா!"

"மாட்டேன். அண்ணே, இப்ப நான் உங்க தம்பி இல்ல, எதிராளி. உங்க சீட்டு நல்லா இருந்தா அடிங்க. இன்னொரு தடவை எனக்காக விட்டுக் குடுத்தீங்க, நாளைலேர்ந்து உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"என்னடா, மிரட்டறியா?"

"ஆமா."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிவந்தது. தன் சில்லைத் தள்ளிவிட்டுச் சீட்டைப் படாரென்று போட்டார். ஏஸும் நாலும். தம்பி கையில் இருந்தது ஜாக்கியும் மூன்றும். நடுவில் இருவருக்கும் பொதுவாய் ஐந்து சீட்டு விழுந்தது. இரண்டு பேருக்கும் எதுவும் ஜோடி சேரவில்லை. ஏஸ்தான் பெரிது. தம்பி சுத்தமாய்த் தோற்றான். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயித்த அண்ணன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சாவி கையில் இருந்தது, வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணே, கிளை வேண்டாம். அது என் கடை. என் பேர்ல போடறேன். வாடகையும் நானே பேசிக்கறேன்." அட, வந்தே விட்டது. குரல் நடுங்கினாலும் முழுசாய் வந்துவிட்டது.

"அப்போ நான் யாருடா உனக்கு?"

"அண்ணன். எப்பவும் அண்ணன்தான். முதலாளிதான் இல்ல."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது, கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியா சேதி? கேட்டுக்க. எழுதச் சொன்ன போர்டு எழுதினதுதான். உன் கடைக்கு நேர் எதிர்ல கிளை போடறேன். தம்பியாச்சேன்னு தாட்சண்யம் பாக்க மாட்டேன்."

தம்பிக்குத் தெரியும். செய்வார். வாடிக்கையாளரைச் சிரித்தே இழுத்துப்போடுகிற ஆள் அவர்.

"போடுங்க" என்றான். "உங்களுக்கு லென்ஸ் யார் அறுப்பா?"

அண்ணன் தெருவைப் பார்த்தார். யோசித்தார். மொத்த வியாபாரிகள் கடைக்கு வரும்போது செய்வாரே, அதேபோலச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு தம்பிக்கு நேராய்த் திரும்பினார்.

"வெளி வேலையா உன்கிட்ட அறுக்கக் குடுத்தா ஜோடிக்கு என்ன கூலி கேப்ப?"

தம்பி சொன்னான்.

"கொள்ளையடிக்கறியேடா! பாதி பண்ணு."

"கட்டுப்படியாகாது."

"முக்கால்."

"முடியாதுங்க."

அண்ணன் ஸ்கூட்டரை ஒரு அடி நகர்த்தினார், நின்றார், திரும்பி வந்தார். இருபது வருஷம் ஒரே கடையில் இருந்தும், அண்ணன் அவனிடம் பேரம் பேசியது அதுதான் முதல் தடவை.